நம்பர் போட்ட மனு

அன்புள்ள ஐயா,

நான் மூன்றாமாண்டு சட்டக் கல்லூரி மாணவன். வகுப்பில் பாத்திமா பீவியைப் பற்றிப் பேச்சு வந்தது. உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி, கடைசியில் தமிழக ஆளுநராக வந்து ரப்பர் ஸ்டாம்ப் ஆகிவிட்டார், 2001இல் ஜெயலலிதாவை முதல்வராக்கிய ஒரே கையெழுத்தில் பெயரைக் கெடுத்துக்கொண்டார் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நீதிபதிகள் ஓய்வுக்குப் பின் ஆளுநர் ஆகலாமா? கிண்டி ஆளுநர் மாளிகையில் இப்போதும் மான்கள் உண்டா?

ஒரு மாணவன், திருநெல்வேலி

அன்புள்ள தம்பி,

மான்கள் இருக்கின்றன. நீதிபதிகள் ஆளுநராகச் சட்டத்தில் தடை இல்லை. எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது சித்தப்பாவின் தகரப்பெட்டி கிடைத்தது. அதிலிருந்து பாத்திமா பீவி அம்மா நினைவாகவே இருக்கிறேன். சித்தப்பா முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தா. பள்ளி விடுமுறையில் என்னை, சிவிலில் அடிப்படிக் கோர்ட்டான முன்சீப் கோர்ட்டுக்குக் கூட்டிப்போவார். டவாலி மூன்று முறை பேர் கூப்பிடுவதையும், ஜனங்கள் வாய்தா வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவதையும் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பேன். ஊரே வெறுத்த வட்டிக்காரர் ஒருவரின் பிராதுக்கு ஒருநாள் நம்பர் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், அதாவது வழக்காகப் பதிவு செய்துவிட்டார்கள். இவனுக்கெல்லாமா என்று கேட்டேன். "ஸ்டாம்பு சரியா ஒட்டிருக்கான், காகிதம் சரியா இருக்கு. நம்பர் போடாம? நியாயம் அப்புறம்ல வரும்" என்றார் சித்தப்பா.

பாத்திமா பீவி அந்த உலகத்திலிருந்து வந்தவர். 1950இல் பார் கவுன்சில் தேர்வில் முதலாவதாக வந்து, கொல்லத்தில் வக்கீலாக நின்றார். 1958இல் முன்சீப். அப்புறம் சப் ஜட்ஜ், மாவட்ட நீதிபதி என்று ஒவ்வொரு படியாக ஏறி, கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது 1983. உச்ச நீதிமன்றம் தொடங்கி 39 வருஷம் கழித்து, 1989இல்தான் அங்கே ஒரு பெண் உட்கார்ந்தார். இதையெல்லாம் ஒரு வரியில் தாண்டிவிட்டு ரப்பர் ஸ்டாம்ப் என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? அந்தக் கையெழுத்து செல்லாது என்ற தீர்ப்பையாவது படித்தாயா? படித்திருந்தால் அந்த வார்த்தையைப் போட்டிருக்க மாட்டாய்.

1999க்குப் போ. ராஜீவ் கொலை வழக்கில் தூக்கு உறுதியான நால்வரின் கருணை மனு ஆளுநரான அவரிடம் வந்தது. அக்டோபரில் தானே முடிவெடுத்து நிராகரித்தார். அமைச்சரவையைக் கேட்கவில்லை. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. கருணை மனுவில் ஆளுநர் அமைச்சரவை சொல்கிறபடிதான் நடக்க வேண்டும் என்றது. பிறகு அமைச்சரவை கூடிச் சொன்னபடி, நளினிக்கு மட்டும் தண்டனையைக் குறைத்தார். ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற வேலையா முதலில் செய்தது?

சரி, 2001. டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நில வழக்கில் தண்டனை பெற்றிருந்ததால் ஜெயலலிதாவின் வேட்புமனுக்கள் மூன்று தொகுதிகளிலும், இரண்டு இடத்துக்கு மேல் மனு போட்டதால் நான்காவதிலும் தள்ளுபடியாகின. (வருஷக் கடைசியில் உயர் நீதிமன்றம் அவரை அந்த வழக்கில் விடுவித்தது.) ஆனால் கட்சி பெரும்பான்மையோடு ஜெயித்து அவரைச் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. மே 14ஆம் தேதி ஆளுநர் அவருக்கு முதலமைச்சராகப் பதவிப்பிரமாணம் செய்து வைத்தார். உறுப்பினர் அல்லாதவரும் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்று அரசியல் சாசனத்தின் 164ஆவது பிரிவு சொல்கிறது. காகிதம் சரி, ஸ்டாம்பு சரி. டிவி பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா, "கவர்னரம்மா நம்பர் போட்டுட்டாங்கடா" என்றார்.

செப்டம்பர் 21ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பி.ஆர். கபூர் வழக்கில், அந்த நியமனம் செல்லாது என்றது. அந்த ஆறு மாதச் சலுகை, தேர்தலில் நிற்கத் தகுதியுள்ளவர் நின்று ஜெயித்துவர. தகுதியே இல்லாதவருக்கு ஆறு மாதம் எதற்கு? ஜனங்கள் ஓட்டுப் போட்டாலும் அரசியல் சாசனத்தைத் தாண்ட முடியாது என்றார்கள்.

இங்கேதான் எனக்கு ஆறவில்லை. முதலமைச்சரை நியமிக்கிற நேரத்தில் ஆளுநருக்கு ஆலோசனை சொல்ல அமைச்சரவை கிடையாது. தானே யோசித்து முடிவு செய்ய வேண்டிய அபூர்வமான இடம் அது. கருணை மனுவில் கையெழுத்து மட்டும் போட வேண்டியிருந்தது, அங்கே தீர்ப்பெழுதினார். தீர்ப்பெழுத வேண்டிய இடத்தில் நம்பர் போட்டார். பயம், ஆசை என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். நான் அதை நம்பவில்லை. நாற்பது வருஷப் பழக்கம் வேறு நாற்காலியில் போய் உட்கார்ந்தது, அவ்வளவுதான். முன்சீப் தப்பாக நம்பர் போட்டால் மேலே சப் கோர்ட் இருக்கிறது. ராஜ்பவனுக்கு மேலே உடனே திருத்த யாரும் இல்லை. நாலு மாதம் ஆனது.

அதற்குள் ஜூன் 30 விடியுமுன் கருணாநிதி கைது. ஆளுநர் மாநில அரசு சொன்னதையே அறிக்கையாக அனுப்பினார் என்று டெல்லிக்குக் கோபம். அவரைத் திரும்ப அழைக்கலாம் என்று மத்திய அமைச்சரவை ஜூலை 1ஆம் தேதி முடிவெடுத்தது. அன்றே ராஜினாமா செய்துவிட்டார். பதவிக்காலம் முடிய ஏழு மாதம்கூட இல்லை.

ஒரு முன்சீப்பை வேலையைவிட்டு அனுப்பவே குற்றச்சாட்டு எழுதிக் கொடுத்து, விளக்கம் கேட்டு, விசாரணை நடத்த வேண்டும். ஆளுநருக்கு அதெல்லாம் இல்லை, ஜனாதிபதிக்கு விருப்பம் உள்ளவரைதான் என்று அன்று ராத்திரி சித்தப்பாவுக்கு விளக்கினேன். சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வாய்தாகூடவா கிடையாது?" என்றார்.