ரங்கூனிலிருந்து வந்த கைக்கடிகாரம்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

எங்கள் ஐயா (அப்பச்சியின், அதாவது அப்பாவின், தகப்பனார்) ரங்கூன் மொகல் தெருவில் ஒரு மார்க்காவில் (நகரத்தார் வட்டிக்கடையில்) மேலாளாக இருந்தவர். 1942-இல் போருக்கு அஞ்சி ஊர் திரும்பியபோது மடியில் முடிந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் தங்கக் கைக்கடிகாரம் ஒன்று எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. முகப்பில் லாஞ்சீன்ஸ் என்ற பெயர் உள்ளது. பின்மூடியின் வெளிப்புறத்தில், ஜே.எச்.டபிள்யூ. என்பவருக்கு உடன் பணியாற்றியவர்கள் அளித்தது, ரங்கூன், டிசம்பர் 1936 என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. உட்புறத்தில் டென்னிசன் என்ற பெயர், நங்கூரச் சின்னம், 375 என்ற எண், தனியாக ஓர் ஆங்கில எழுத்து ஆகியவற்றோடு ஊசியால் கீறியது போன்ற சில குறிகளும் தெரிகின்றன. ஐயாவின் பெயருக்கும் அந்த முதலெழுத்துகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. துரை ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்தது என்பது வீட்டில் வழங்கும் பேச்சு. மதுரையில் ஒரு நகைக்கடையில் தங்கத்தின் எடைக்கு மட்டுமே விலை சொன்னார்கள். பொறிப்பைத் தேய்த்து அழித்து, முகப்புக்குப் புது வர்ணம் பூசினால் கூடுதலாகப் போகும் என்றும் சொன்னார்கள். இது எங்கே, எப்போது செய்யப்பட்டது? யாருடையது? என்ன விலை பெறும்?

எஸ்., தேவகோட்டை

*

அன்புள்ள எஸ்.,

பொறிப்பை அழிக்க வேண்டாம். முகப்பைத் தொடவும் வேண்டாம். ஒன்பது காரட் பின்மூடி மெல்லிய தகடுதான். அதன் வெளிப்புறத்தில் உள்ள எழுத்து மறையும் அளவுக்குத் தேய்த்தால் மூடி இன்னும் மெலியும், விளிம்புகள் மழுங்கும், இவ்வளவுக்குப் பிறகும் சாய்ந்த வெளிச்சத்தில் எழுத்தின் நிழல் தெரியத்தான் செய்யும். முகப்பைப் பொறுத்தவரை, கறையும் புள்ளிகளும் உள்ள பழைய முகப்பை விட்டுவிட்டு, பளபளவென்று புதிதாக எழுதப்பட்ட முகப்பைத் தேடி வாங்கும் சேகரிப்பாளர் எவரையும் நான் கண்டதில்லை. இந்தியாவிலிருந்து செல்லும் பழைய கடிகாரங்களை வெளிநாட்டார் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு முதல் காரணமே இந்த மறுவர்ணப் பூச்சுதான். ஒருவேளை எண்களிலோ முட்களிலோ பழுப்பேறிய பசை போன்ற பூச்சு இருந்தால் அது ரேடியமாக இருக்கக்கூடும். அந்தக் காலத்தில் இருட்டில் ஒளிர்வதற்காக அதைத்தான் பூசினார்கள். அதைச் சுரண்ட விடாதீர்கள்.

உங்கள் கடிகாரம் ஒரே இடத்தில் பிறந்ததல்ல. லாஞ்சீன்ஸ் சுவிட்சர்லாந்தின் செயிண்ட் இமியே என்ற ஊரில் 1832-இல் தொடங்கப்பட்ட நிறுவனம். உள்ளே ஓடும் இயந்திரம் அங்கே செய்யப்பட்டிருக்கும். தங்கக் கூடு இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்யப்பட்டது. நங்கூரம் அவ்வூர்த் தரப்பரிசோதனை நிலையத்தின் முத்திரை. 375 என்பது ஆயிரத்தில் 375 பங்கு தங்கம், அதாவது ஒன்பது காரட். டென்னிசன் அங்கிருந்த புகழ்பெற்ற கடிகாரக் கூட்டுத் தொழிற்சாலை. வெளிநாட்டிலிருந்து வந்த கூடாக இருந்தால் நங்கூரத்துக்குப் பதிலாக இறக்குமதிக்கென்று வகுத்த வேறொரு சின்னம் இருந்திருக்கும். தனித்து நிற்கும் அந்த ஆங்கில எழுத்துதான் உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது, ஏனெனில் கூடு பரிசோதிக்கப்பட்ட ஆண்டை அது குறிக்கிறது. எழுத்தின் வடிவமும் அதைச் சூழ்ந்த கட்டத்தின் வடிவமும் சேர்ந்தே ஆண்டைச் சொல்லும் என்பதால், உருப்பெருக்கியின் வழியே தெளிவான படம் எடுத்து, பர்மிங்காம் முத்திரை அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அக்காலத்தில் எழுத்து ஜனவரியில் மாறாமல் ஆண்டின் நடுவில் மாறியதால் ஓர் எழுத்து இரண்டு ஆண்டுகளைத் தொட்டு நிற்கும். அது 1936-க்கு ஓரிரு ஆண்டுகள் முந்தியதாக இருந்தால் குறையில்லை, கடையில் இருப்புக் கிடந்திருக்கலாம். பிந்தியதாக இருந்தால், பொறிப்பும் மூடியும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றே கொள்ள வேண்டும்.

ஊசிக் கீறல்கள் பழுது பார்த்தவர்கள் போட்டவை. எந்தத் தேதியில், எந்த வரிசை எண்ணில் வேலைக்கு வந்தது என்பதைத் தங்களுக்கு மட்டும் விளங்கும்படி அவர்கள் குறித்துவைப்பது வழக்கம். ஒருவர் இதைப் பலமுறை கழற்றிப் பூட்டிப் பேணியிருக்கிறார் என்பதற்கு அவை சாட்சி.

அடுத்து, அனுபவமுள்ள ஒரு கடிகாரக்காரரிடம் கொடுத்து உள்ளே இயந்திரத்தின் மீதுள்ள வரிசை எண்ணைப் படித்துக்கொள்ளுங்கள். அதுவரை சாவி கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டாம்; எண்ணெய் காய்ந்த இயந்திரம் ஓடினால் தேயும். லாஞ்சீன்ஸ் தன் பழைய விற்பனைப் பதிவேடுகளைக் காத்துவருகிறது. எண்ணைக் கொண்டு தேடினால் எந்த வகை இயந்திரம், எந்த நாளில், எந்த முகவருக்கு அனுப்பப்பட்டது என்பது தெரியவரும். உங்கள் விஷயத்தில் அந்தப் பதிலில் ரங்கூன் இருக்காது என்றே நினைக்கிறேன். பிரிட்டனில் லாஞ்சீன்ஸின் முகவராக இருந்தது லண்டனின் பௌம் நிறுவனம். கூடு இங்கிலாந்தில் பூட்டப்பட்டதால், வெறும் இயந்திரம் அவர்களுக்கு அனுப்பப்பட்டதாகவே குறிப்பு இருக்கக்கூடும். பலர் அத்தகைய பதிலைப் பார்த்து, தங்கக் கடிகாரம் என்று பதிவில் இல்லையே, அப்படியானால் போலியோ என்று கலங்கிவிடுகிறார்கள். கலங்கத் தேவையில்லை.

பொறிப்பு உண்மையானதா என்பதை மூடியே சொல்லும். கையால் உளிகொண்டு வெட்டிய எழுத்தில் கோடு தொடக்கத்தில் மெலிந்து, நடுவில் அகன்று, முடிவில் மீண்டும் மெலியும். பிற்கால எந்திரப் பொறிப்பில் ஆழம் முழுவதும் சீராக இருக்கும். அதைவிட முக்கியமானது கீறல்களின் முன்பின் வரிசை. மூடியில் இயல்பாக விழுந்த கீறல்கள் எழுத்தின் மீது ஏறிக் கடந்து செல்கின்றனவா, அல்லது எழுத்து அந்தக் கீறல்களை வெட்டிக்கொண்டு செல்கிறதா என்று பாருங்கள். முதலாவது என்றால் பொறிப்பு பழையது. தேய்ந்த மூடியில் கூர்மை குன்றாத எழுத்து இருந்தால் ஐயப்படலாம்.

யார் அந்த ஜே.எச்.டபிள்யூ. என்பதை மூன்று எழுத்துகளை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியுமா என்றால், முடியலாம். ஆனால் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது 1937 ஏப்ரல் 1-இல் என்பதையும், பொறிப்பு அதற்குச் சில மாதங்களே முந்தியது என்பதையும் வைத்து, பணிமாற்றம் பெற்ற அரசு அலுவலர் என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். ஸ்டீல் பிரதர்ஸ், பர்மா ஆயில், ஐராவதி நீராவிக் கப்பல் கம்பெனி போன்றவற்றிலும் வெள்ளைக்கார அலுவலர்கள் ஏராளமாக இருந்தார்கள். வழியனுப்பு விருந்தும் அன்பளிப்பும் அங்கும் வழக்கம்தான். அக்காலத்துத் தாக்கர் ஆண்டுக் கையேடு ரங்கூன் நிறுவனங்களையும் அலுவலர்களையும் பட்டியலிட்டது. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களிலும் தேடலாம்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றும் கேள்வி, அவர் கையிலிருந்து உங்கள் ஐயாவின் கைக்கு இது எப்படி வந்தது என்பது. வழியனுப்பு விழாவில் நண்பர்கள் பொறித்துக் கொடுத்ததை ஒருவர் மற்றொருவருக்கு அன்பளிப்பாகத் தருவது அரிது. விலைக்கு வாங்கியிருக்கலாம், கடனுக்கு ஈடாக வந்து மீட்கப்படாமல் தங்கியிருக்கலாம், 1941 டிசம்பர் 23-இல் ரங்கூன் மீது குண்டு விழுந்த பிறகு, கிடைத்ததைக் கொடுத்துக் கைப்பணம் பெற்றுக் கிளம்பியவர்களில் ஒருவருடையதாகவும் இருக்கலாம். வீட்டில் வழங்கும் பேச்சை நான் பொய் என்று சொல்லவில்லை, ஆனால் அதைச் சான்றாக வைத்து விற்க முன்வராதீர்கள். நகரத்தார் கடைகளில் இத்தகைய வரவு எழுதப்படாமல் போயிருக்காது. அந்த மார்க்காவின் பேரேடோ, ஊருக்கு எழுதிய கடிதங்களோ பெட்டகசாலையில் மூட்டையாகக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். முதலாளி வீட்டாரிடமும் கேளுங்கள். 1937 முதல் 1942 வரையான ஏடுகள் போதும். சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் அணுகலாம். அதன் மூலத் தொகுப்பு உங்கள் பக்கத்து ஊரான கோட்டையூரில் சேர்க்கப்பட்டது.

இனி விலை. தங்கம் என்று பார்த்தால், இயந்திரமும் கண்ணாடியும் நீங்கிய கூட்டின் எடையில் 37.5 சதவீதமே தங்கம். மதுரைக்காரர் சொன்ன கணக்கு அந்த அளவில் நேர்மையானது. கடிகாரமாகப் பார்த்தால் அதற்கு மேல் கிடைக்கும், ஆனால் வியக்கும் அளவுக்கு அல்ல. ஒன்பது காரட் டென்னிசன் கூட்டில் வந்த அன்பளிப்புக் கடிகாரங்கள் பிரிட்டனில் இன்றும் நிறையக் கிடைக்கின்றன. முகம் தெரியாத ஒருவரின் முதலெழுத்துகள் விலையைச் சற்றுக் குறைக்கவே செய்யும். பொறிப்பு விலையை ஏற்றுவது பெயர் நிறுவப்பட்டால் மட்டுமே. 1931 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஐன்ஸ்டீனுக்கு அளிக்கப்பட்ட, அவர் பெயர் பொறித்த லாஞ்சீன்ஸ் 2008-இல் நியூயார்க் ஏலத்தில் 5,96,000 டாலருக்குப் போனது. அதே ஆண்டுகளில் அதே நிறுவனம் செய்த சாதாரணத் தங்கக் கடிகாரங்கள் பெரும்பாலும் அதில் நூறில் ஒரு பங்குகூடப் பெறுவதில்லை.

பேரேட்டில் ஒரு வரி கிடைத்துவிட்டால் கடிகாரத்தையும் ஏட்டையும் பிரிக்காமல் வைத்திருங்கள். பர்மா நகரத்தார் வரலாற்றில் ஈடுபட்ட ஒருவரோ ஓர் அருங்காட்சியகமோ தரும் விலை, கடிகாரச் சந்தை தரும் விலையைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும். வெளிநாட்டு ஏலக்காரர் யாரேனும் இரண்டையும் சேர்த்து அனுப்பச் சொன்னால் மட்டும் கவனம் தேவை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொருட்களுக்கு நூறு ஆண்டுகளையும், வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணங்களுக்கு எழுபத்தைந்து ஆண்டுகளையும் வரம்பாக வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் கடிகாரம் 2030-களின் நடுப்பகுதி வரை தொல்பொருள் ஆகாது. பேரேடு இப்போதே ஆகிவிட்டது, அதைத் தனியார் எவரும் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது.