மகளிர் தினத்துக்குப் பாலர் வகுப்பறை: எதை ஒட்டலாம், எதை விட்டுவிடலாம்?

கேள்வி: மூன்று முதல் ஐந்து வயதுவரை உள்ள பிள்ளைகளின் வகுப்பாசிரியை நான். மார்ச் 8 மகளிர் தினத்துக்கு வகுப்பறையை அலங்கரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தேடிப் பார்த்தால் எங்கும் இளஞ்சிவப்புப் பலூன்கள், காகிதப் பூக்கள், அம்மாவுக்கு வாழ்த்து அட்டைகள். என் வகுப்பில் ஒரு குழந்தைக்கு அம்மா இல்லை. ஒரு வாரம்தான் கையில் இருக்கிறது. எப்படிச் செய்யலாம்?

பதில்: அம்மா இல்லாத அந்தக் குழந்தையிலிருந்தே தொடங்குவோம். அந்தப் பிள்ளை மனம் நோகாமல் பங்கெடுக்கக்கூடிய அலங்காரம்தான் மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்ல அலங்காரமாக இருக்கும்.

மகளிர் தினம் வேறு, அன்னையர் தினம் வேறு. 1910இல் கோபன்ஹேகனில் கூடிய சோசலிசப் பெண்கள் மாநாட்டில் ஜெர்மானிய சோசலிசத் தலைவர் கிளாரா ஜெட்கினும் அவருடைய தோழியரும் இப்படி ஒரு நாள் வேண்டும் என்று முன்மொழிந்தார்கள். அடுத்த ஆண்டே ஆஸ்திரியா, டென்மார்க், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் பெண்கள் வாக்குரிமையும் வேலை உரிமையும் கேட்டு அதைக் கடைப்பிடித்தார்கள். ஐக்கிய நாடுகள் சபை 1975 முதல் கொண்டாடுகிறது. உழைக்கும் பெண்களிடமிருந்து பிறந்த நாள் இது. ஆகவே உங்கள் சுவரில் இடம்பெற வேண்டியது பெண்கள் செய்யும் வேலை. அதைச் சுற்றி அலங்காரத்தை அமைத்தால் 'அம்மா' என்ற ஒற்றைச் சொல்லில் எதுவும் சிக்கிக்கொள்ளாது.

பிள்ளைகளிடம் "அம்மாவை வரை" என்று சொல்லாமல் "உனக்குத் தெரிந்த ஒரு பெண்ணைச் சொல், அவர் என்ன வேலை செய்வார்?" என்று கேளுங்கள். பாட்டி, அத்தை, அக்கா, பஸ் ஓட்டுபவர், ஊசி போட்ட மருத்துவர், பள்ளியைப் பெருக்கித் துடைக்கும் அக்கா என்று யார் வேண்டுமானாலும் வரலாம். வீட்டிலேயே இருந்து குடும்பத்தைக் கவனிப்பவரின் வேலையும் வேலைதான். அதையும் அதே அளவு தாளில், அதே வரிசையில் ஒட்டுங்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு முகம் வரைய வராது. அந்தப் பெண் கையில் பிடிக்கும் பொருளை வரையட்டும்: கத்தரிக்கோல், புத்தகம், ஸ்டியரிங், துடைப்பம். வட்டமும் கோடும் போதும். கீழே குழந்தை சொன்ன வாக்கியத்தை அப்படியே நீங்கள் எழுதுங்கள். 'என் பாட்டி கண்ணாடியைத் தேடுவாள்' என்று ஒரு குழந்தை சொன்னால் அதைத் திருத்தி அழகுபடுத்த வேண்டாம். கடையில் வாங்கிய எந்தப் பதாகையும் அந்த வரிக்கு ஈடாகாது. அம்மா இல்லாத குழந்தையின் வீட்டாரிடம் மட்டும் முன்கூட்டியே பேசி, அவன் அல்லது அவள் யாரைப் பற்றிச் சொல்ல விரும்பக்கூடும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இறந்துபோன அம்மாவையே வரைய விரும்பினால் தடுக்காதீர்கள்.

புகழ்பெற்ற பெண்களின் படங்களை வரிசையாக ஒட்டும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. நான்கு வயதுக் குழந்தைக்கு அவை அறிமுகமில்லாத முகங்கள், அவ்வளவுதான். ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர் செய்த செயலை அறைக்குள் கொண்டுவாருங்கள். 1963இல் விண்வெளிக்குச் சென்ற முதல் பெண் வாலென்டினா தெரெஷ்கோவா. தனியாகவே பறந்து பூமியை 48 முறை சுற்றி வந்தார். குழந்தை உள்ளே நுழைந்து உட்காரும் அளவுக்குப் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று கிடைத்தால் ராக்கெட் தயார். ஜன்னல் வெட்டுவது உங்கள் வேலை, வண்ணம் பூசுவது அவர்கள் வேலை. 1975இல் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறிய முதல் பெண் ஜுன்கோ தாபேயைத் தேர்ந்தெடுத்தால், கசக்கிய பழுப்புத் தாளில் சுவர் மூலையில் ஒரு மலை எழுப்பலாம். பிள்ளைகள் தங்களைத் தாங்களே வரைந்து வெட்டி அதன் மேல் ஏற்றலாம். டைனோசர் மீது பித்துப்பிடித்த வகுப்பு என்றால் புதைபடிவங்களைத் தேடி எடுத்த ஆங்கிலேயப் பெண் மேரி ஆனிங் இருக்கிறார். அவர் சிறுமியாக இருந்தபோதே அவரும் அண்ணனும் கடலோரப் பாறைகளில் பழங்காலக் கடல் ஊர்வன ஒன்றின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார்கள். மணல் தட்டில் பெரிய கிளிஞ்சல்களைப் புதைத்துத் தூரிகையால் தோண்டச் சொல்லுங்கள். ஒரு வாரமே இருப்பதால் என் தேர்வு ராக்கெட். பையன்களும் பெண்களும் முறைபோட்டு ஏறி இறங்குவார்கள். 'எங்களுக்கு ஏதும் இல்லையா?' என்று பையன்கள் கேட்கும் நிலையே வராது.

நிறம் பற்றியும் நீங்கள் கவலைப்பட்டிருக்கிறீர்கள். இளஞ்சிவப்பைத் தடைசெய்ய வேண்டியதில்லை. அறை முழுக்க அது மட்டுமே இருந்தால்தான் 'பெண் என்றால் இதுதான்' என்ற பாடம் சொல்லாமலே போய்ச் சேரும். ஊதா, பச்சை, வெள்ளை மூன்றையும் பயன்படுத்துங்கள்: 1908இல் பிரிட்டனில் வாக்குரிமைக்குப் போராடிய பெண்கள் ஏற்றுக்கொண்ட நிறங்கள் இவை. இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் நடந்து 2017இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வில், 'மிக மிகக் கெட்டிக்காரர்' ஒருவரைப் பற்றிய கதையைச் சொல்லி, அது யாராக இருக்கும் என்று படங்களைக் காட்டிக் குழந்தைகளிடம் கேட்டார்கள். ஐந்து வயதில் பெண் குழந்தைகளும் ஆண் குழந்தைகளும் ஒரே அளவில் தங்கள் பாலினத்தவரையே சுட்டிக்காட்டினார்கள். ஆறு வயதிலிருந்து பெண் குழந்தைகள் பெண்ணைச் சுட்டுவது குறைந்துவிட்டது. உங்கள் பிள்ளைகள் அந்த ஆறு வயதுக்கு முந்தைய பருவத்தில் இருக்கிறார்கள். இந்தச் சுவரில் யார் என்ன வேலை செய்கிறார் என்பது உண்மையிலேயே முக்கியம்.

ஆனால் நான்கு சுவர்களையும் நிரப்பிவிடாதீர்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில் 24 பாலர் வகுப்புக் குழந்தைகள், நிறைய அலங்கரித்த அறையிலும் வெறுமையான அறையிலும் அறிவியல் பாடம் கேட்டார்கள். அலங்காரம் மிகுந்த அறையில் அவர்கள் கவனம் அதிகம் சிதறியது. சோதனையில் சரியான விடைகள் 42 சதவீதம். வெறுமையான அறையில் 55 சதவீதம். ஆகவே ஒரு சுவர், கதவு, ராக்கெட் நிற்கும் மூலை, இவை போதும். வட்டமாக உட்கார்ந்து கதை கேட்கும்போது பிள்ளைகளின் பார்வை படும் சுவரைக் காலியாக விடுங்கள். பெரிய எழுத்தில் வாழ்த்து வாசகம் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டால் கதவுக்கு வெளியே மாட்டுங்கள். படிக்கப் போகிறவர்கள் பெற்றோர்தான். படங்களை ஒட்டும்முன் முழங்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். இந்த வயதுப் பிள்ளைகளின் உயரம் சுமார் 95 முதல் 110 சென்டிமீட்டர். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் அவர்கள் தங்கள் படத்தைத் தாங்களே காட்டி மகிழ முடியும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாத சில உண்டு. ரப்பர் பலூன் வேண்டாம். ஊதாத பலூனும் வெடித்த துண்டும் தொண்டையில் சிக்கினால் மூச்சுக்குழாயை இறுக அடைத்துவிடும். எட்டு வயதுக்குட்பட்டோருக்கு இந்த ஆபத்து உண்டு. பட்டன் பேட்டரியில் எரியும் அலங்கார விளக்கும் வேண்டாம். விழுங்கிய பேட்டரி இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடக்கூடும். குண்டூசி, ஸ்டேப்ளர் முள், மணிகள், மினுக்குத்தூள் ஆகியவற்றையும் தவிர்த்து, ஒட்டுநாடாவும் பசையும் மட்டும் பயன்படுத்துங்கள். உண்மைப் பூ வைப்பதென்றால் அரளியும் டாஃபடில் என்ற மஞ்சள் பூவும் கூடாது, இரண்டும் நச்சு. காகிதம் எளிதில் தீப்பற்றும் என்பதால் கூரையிலிருந்தும் மின்விளக்கு, ஹீட்டர், வெளியேறும் கதவு ஆகியவற்றின் அருகிலும் எதையும் தொங்கவிடாதீர்கள். அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதிமுறை ஒன்று, தானியங்கி நீர்த்தெளிப்பு வசதி இல்லாத வகுப்பறையில் சுவர்ப்பரப்பின் 20 சதவீதத்துக்கு மேல் தாள் ஒட்டக்கூடாது என்கிறது. உங்கள் ஊரின் விதி எதுவானாலும் இதை மேல் வரம்பாக வைத்துக்கொள்ளலாம்.

நாள் கணக்கு எளிது. முதல் இரண்டு நாள் பேச்சும் படமும், அடுத்த இரண்டு நாள் ராக்கெட்டுக்கு வண்ணம், ஐந்தாம் நாள் பிள்ளைகளையே ஒட்டச் சொல்லுங்கள். கோணலாக ஒட்டினால் மாலையில் தனியாக நின்று நேராக்காதீர்கள். மறுநாள் காலையில் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

விழா முடிந்த வாரத்தின் இறுதியில் படங்களைக் கழற்றி, ஒவ்வொன்றையும் அதில் உள்ள பெண்ணிடமே கொடுக்கச் சொல்லி அனுப்புங்கள். பள்ளியைப் பெருக்கும் அக்காவை யாராவது வரைந்திருந்தால் அவரை வகுப்புக்கு அழைத்து, அந்தக் குழந்தையின் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். ராக்கெட்டை மட்டும் அது கிழியும்வரை வகுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.