பேய் நாவல் அட்டைக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கே: எண்பதுகளில் வந்த பேய்க்கதை மாத நாவல் ஒன்றை இணையத்தில் 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே பழுப்பேறிய தாள், அட்டை மட்டும் பளபளக்கிறது. – கும்பகோணம் வாசகர்

ப: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். கலர் ஜெராக்ஸ் எடுத்து மாட்டிய அட்டை அது. நடுவில் பின் அடித்த நாவல் என்றால் உடனே தெரிந்துவிடும்: தாளில் துருக்கறை இருந்து, அதே இடத்தில் அட்டை சுத்தமாக இருந்தால் வேறு சாட்சியே வேண்டாம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய ரசீது, புத்தகத்தின் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும் என்பது 2020ஆம் வருட விதி. அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை, பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. 1,200 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

கே: விற்பனைக்கு வந்த நாவல் ஒன்றின் முன்னட்டைப் படத்தை மட்டும் பார்த்துப் பிடித்துப்போய் 3,000 ரூபாய் அனுப்பினேன். விற்றவர் இப்போது போனையே எடுக்கவில்லை. – மன்னார்குடி வாசகர்

ப: பின்னட்டை, முதுகு, உள்பக்கம் எதையும் கேட்காமல் முழுப் பணத்தையும் அனுப்புவார்களா? எத்தனை முறைதான் எழுதுவது! சரி, இணைய மோசடிப் புகாருக்கான 1930க்கு இன்றைக்கே பேசுங்கள்.

கே: நான்கு திகில் நாவல்களைச் சேர்த்து பைண்டு செய்து, அட்டைகளை லேமினேட் பண்ணலாமா? – தஞ்சாவூர் வாசகர்

ப: தயவுசெய்து வேண்டாம். பைண்டிங் கடையில் கட்டிங் மெஷினில் வைத்து மூன்று பக்கமும் சீவிவிடுவார்கள். ஜெயராஜ், மாருதி போன்றவர்கள் உட்கார்ந்து வரைந்த படங்கள் நம் பத்திரிகை, நாவல் அட்டைகளில் வந்த காலம் அது. ஓரத்தில் இருக்கும் ஓவியரின் கையெழுத்தும் விலையும்தான் முதலில் போகும். வாடகை நூலகம் ஒன்று மூடியபோது இப்படிக் கட்டிய தொகுப்பு ஒன்று என்னிடம் வந்தது, ‘நல்ல கண்டிஷன்’ என்று சொல்லித்தான் விற்றார்கள். ஒரு அட்டையில் கிணற்றடியில் வெள்ளைப் புடவைக்காரி நிற்கிறாள், கால் இருக்க வேண்டிய இடத்தைக் காணோம். அவள் கால் தரையில் பாவுகிறதா இல்லையா என்பதில்தானே அந்தப் படத்தின் பயமே இருக்கிறது, அதை வெட்டி எறிந்துவிட்டு 900 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்! லேமினேஷனும் அப்படித்தான், ஒட்டியதைப் பிரித்தால் மையும் சேர்ந்து வரும். தனித்தனியாகப் பாலிதீன் உறையில் போட்டு நிமிர்த்தி வையுங்கள், போதும்.

கே: கஜா புயலில் நனைந்த கட்டு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வெயிலில் காயவைத்தால் சரியாகுமா? – திருத்துறைப்பூண்டி வாசகர்

ப: 2018இல் நனைந்தது, பூஞ்சை இந்நேரம் உள்ளே குடியேறியிருக்கும், உங்கள் மற்ற புத்தகங்களுக்கும் பரவும். வாங்காதீர்கள். வெயில் இன்னொரு வினை. பொதுவாகச் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும். அப்புறம் அட்டையில் வழியும் ரத்தமெல்லாம் வெளிறி, படம் முழுக்க நீலம் பூத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கு நிழலும் காற்றும்தான், பூச்சிக்கு வசம்புத் துண்டு.

கே: பழைய ஆங்கிலத் திகில் நாவல், முன்னட்டையில் சாவித்துவாரம் போல ஒரு ஓட்டை. கடைக்காரர் கிழிசல் என்று 40 ரூபாய் சொல்கிறார். – மயிலாடுதுறை வாசகர்

ப: ஓடிப்போய் வாங்குங்கள். எழுபது, எண்பதுகளில் அமெரிக்கப் பதிப்பகங்கள் அட்டையில் வேண்டுமென்றே துளை வெட்டின. திருப்பினால் உள்ளே முழுப்பக்க ஓவியம் இருக்கும். அந்த உள்படம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கே: அதே கடையில் முன்னட்டையே இல்லாத ஆங்கில நாவல்கள் நிறைய இருக்கின்றன. – அதே வாசகர்

ப: அமெரிக்காவில் விற்காத பாக்கெட் நாவல்களின் அட்டையை மட்டும் கிழித்துப் பதிப்பகத்துக்கு அனுப்பிப் பணத்தைத் திரும்பப் பெறுவது கடைகளின் வழக்கம், மிச்சத்தை அழித்துவிட வேண்டும். அழிக்காமல் வெளியே வந்தவையாக இருக்கலாம். எப்படியிருந்தாலும் அட்டை சேகரிப்பவருக்கு அதில் ஒன்றுமில்லை.