அந்த ஓட்டல் இப்பவும் இருக்கா சார்? – வாசகர் கேள்வி, பதில்

போன இதழ்ல "சென்னையில உங்க மனசுல நிக்கிற ஓட்டல் எது"ன்னு கேட்டிருந்தோம், கடிதங்க வந்து குவிஞ்சிருச்சு. எல்லாத்தையும் போட இடம் இல்ல. சிலதுக்கு மட்டும் இங்க பதில்.

செம்மொழிப் பூங்கா இருக்கற இடத்துல முன்னாடி ஓட்டல் இருந்துச்சுன்னு சொன்னா காலேஜ் படிக்கிற என் பையன் நம்பவே மாட்டேங்கறான். கார்லயே உக்காந்து சாப்பிடுவோம்னு சொன்னா சிரிக்கறான். நீங்களாவது சொல்லுங்க சார்.
– ஒரு வாசகி, கோபாலபுரம்

தம்பி, அம்மா சொல்றது நூத்துக்கு நூறு உண்மைப்பா. கதீட்ரல் ரோட்டுல 1962ல வந்தது உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். பெரிய பெரிய மரங்க, அதுக்கடியில வரிசையா கார் நிக்கும், சர்வர் வந்து ஆர்டர் எடுத்துட்டுப் போயி, கார் கதவுல மாட்டற மாதிரி ஒரு டிரே கொண்டாந்து மாட்டி அதுல தோசைய வைப்பாரு. ஆரம்பிச்சவர் கிருஷ்ணா ராவ், உடுப்பிப் பக்கத்துலேருந்து வந்து சமையல்கட்டு வேலைலேருந்து மேல வந்தவர், 1938ல ராயப்பேட்டைல முதல் உட்லண்ட்ஸ் அவர் தொடங்கினதுதான்.

கார் இல்லாதவங்களுக்கும் அங்க இடம் உண்டு. எங்க வீட்டுல ஸ்கூட்டர்தான், அப்பாவுக்கு சம்பளம் வந்த வாரம் உள்ள ஹாலுக்குப் போவோம், எனக்கு சன்னா பட்டூரா, அந்தப் பட்டூரா தட்டு பூரா உப்பி நிக்கும், அம்மா காபிய மட்டும் மெதுவா குடிச்சுட்டு மரத்தப் பாத்துட்டே இருப்பாங்க. பக்கத்து மேஜைல மெடிக்கல் ரெப்புங்க பைய வெச்சுட்டு மத்தியானம் பூரா உக்காந்திருப்பாங்க, காலேஜ் பசங்க நாலு பேர் சேந்து ஒன் பை டூ காபி சொல்லுவாங்க, கதை டிஸ்கஷன்னு சினிமாக்காரங்க ஒரு மூலைல. யாரும் வந்து "முடிஞ்சுதா, எந்திரிங்க"ன்னு சொல்ல மாட்டாங்க. இன்னைக்கு எந்த ஓட்டல்லயும் பில்லு வெச்ச உடனே பின்னாடி ஆள் வந்து நின்னுடறாங்க இல்ல, அதனாலதான் டிரைவ்-இன் போனத இத்தனை பேர் இன்னும் தாங்கிக்க முடியாம எழுதறாங்க.

அது லீஸ் இடம். அரசாங்கம் நிலத்தத் திரும்ப எடுத்துக்கிச்சு, 2008ல ஓட்டல் மூடிச்சு, 2010 நவம்பர்ல பூங்கா திறந்தாங்க. பழைய மரங்கள்ல நிறைய இப்பவும் அங்கயே நிக்குது. அம்மாவ கூட்டிட்டுப் போ, கார் நிறுத்தின இடம் எதுன்னு அவங்க காட்டுவாங்க.

பூந்தமல்லி ஹைரோடு தாசப்பிரகாஷ்லதான் என்னைப் பொண்ணு பாத்தாங்க. திராட்ச ஜூஸும் ஐஸ்கிரீமும் வாங்கிக் குடுத்தாங்க, சம்மதம் சொல்லிட்டேன். இப்ப அந்தக் கட்டடமே இல்ல. ருசி கெட்டுப் போச்சா, கூட்டம் கொறஞ்சுதா? நல்ல ஓட்டல்லாம் ஏன் மூடிடறாங்க?
– ஒரு வாசகி, புரசைவாக்கம்

அந்த திராட்ச ஜூஸப் பத்தி மட்டுமே தனியா ஒரு கட்டு கடிதம் வந்திருக்கும்மா!

ருசி கெட்டு மூடற பெரிய ஓட்டல் கம்மி, நான் பாத்த வரைக்கும் நிலம்தான் காரணம். யோசிச்சுப் பாருங்க, எழும்பூர் மாதிரி இடத்துல, மெயின் ரோட்டு மேல, அவ்ளோ பெரிய வளாகம், அந்த மண்ணோட விலை ஏறிக்கிட்டே போகுது, ஆனா இட்லி விலைய அந்த வேகத்துல ஏத்த முடியுமா, ஏத்தினா நம்மளே வெளிய வந்து "கொள்ளை அடிக்கறான்"னு சொல்லுவோம். பாக்கப்போனா காலி மனையா வித்தா கிடைக்கற காசுக்கு வட்டியே ஓட்டல் லாபத்த விட ஜாஸ்தி. அதுக்கு மேல ஆள் பிரச்சினை. அந்தக் காலத்துல உடுப்பி, மங்களூர் பக்கத்துலேருந்து சொந்தக்காரப் பசங்க வந்து ஓட்டல் மாடிலயே தங்கி, தட்டு எடுக்கறதுலேருந்து ஆரம்பிச்சு மாஸ்டர் ஆவாங்க, கைப்பக்குவம் அப்படியே கை மாறும். அந்தப் பசங்களோட பசங்க இன்னைக்குப் பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலைல இருக்காங்க, விடிகாலைல எந்திரிச்சு மாவு பாக்க யாரு வருவா? குறை சொல்ல முடியாது, அவங்க அப்பா பட்ட கஷ்டம் அப்படி.

சின்ன சந்துல, சின்ன இடத்துல, வீட்டு ஆளுங்களே நின்னு நடத்தற கடைங்கதான் பெரும்பாலும் தாக்குப் பிடிச்சிருக்கு. கடைசிக் கடிதத்துல அப்படி ஒரு கடை வருது பாருங்க.

திருவல்லிக்கேணி மேன்ஷன்ல தங்கி வேலை தேடின ஆள் நான். இப்ப பெங்களூர்ல செட்டில். அங்க சாப்பிட்ட இடமெல்லாம் இப்ப இருக்கா சார்?
– ஒரு வாசகர், பெங்களூரு

சந்தோஷமா சொல்றேன், முக்கால்வாசி இருக்கு! ரத்னா கஃபே 1948லேருந்து திருவல்லிக்கேணி ஹைரோட்டுலயே இருக்கு, இட்லிய சாம்பார்ல முழுக வெச்சுக் குடுக்கறது இப்பவும் அப்படித்தான், சாம்பார் தீந்தா இன்னும் ஊத்துவாங்க, ரெண்டு இட்லிக்கு ஒரு குடம் சாம்பார் குடிச்சுட்டு வந்த காலம் உங்களுக்கும் இருந்திருக்கும். காசி விநாயகா மெஸ்ல டோக்கன் வாங்கிட்டு நின்னது ஞாபகம் இருக்கா? கையில காசு எண்ணி வெச்சிருக்கற பேச்சிலருக்கு அந்த இலைச் சாப்பாடு அம்மா கை சாப்பாடு மாதிரி. கூட்டு, பொரியல் வாளியோட வந்து கேட்டுக் கேட்டுப் போடுவாங்க. சேப்பாக்கம் பக்கம் போனா 1961லேருந்து நாயர் மெஸ், மீன் கொழம்பும் வஞ்சிரம் வறுவலும், கிரிக்கெட் மேட்ச் அன்னைக்கு மட்டும் அந்தத் தெருப் பக்கமே போகாதீங்க.

மாறினது மேன்ஷனுங்கதான் சார். வேலை தேடி வர்ற பசங்க இப்ப பழைய மகாபலிபுரம் ரோடு பக்கம் பிஜில தங்கிட்டு, ராத்திரி போன்லயே பிரியாணி ஆர்டர் பண்ணிடறாங்க. பந்தில பக்கத்துல உக்காந்தவர்கிட்ட "எந்த ஊரு, எங்க இன்டர்வியூ"ன்னு பேச்சு ஆரம்பிச்சு அப்படியே வேலை கிடைச்ச கதையெல்லாம் எனக்குத் தெரியும், அது ரூம்ல தனியா பார்சலப் பிரிச்சு சாப்பிடற பசங்களுக்குக் கிடைக்காதே, அதுதான் எனக்கு வருத்தம்.

சிக்கன் 65ன்னா 65 துண்டா, 65 நாள் கோழியா?
– ஒரு வாசகர், தாம்பரம்

ரெண்டும் இல்ல. 1951லேருந்து மவுன்ட் ரோட்டுல இருக்கற புஹாரி ஓட்டல்ல, "நாங்கதான் 1965ல கொண்டு வந்தோம், அந்த வருஷம்தான் பேரு"ன்னு சொல்றாங்க. 78, 82, 90ன்னு கூட அவங்க மெனுல சிக்கன் உண்டு. எனக்கு அங்க சாயங்காலம் சமோசாவும் டீயும் போதும்.

ஓட்டல் ஞாபகம்னாலே மயிலாப்பூர் இட்லி, மாம்பலம் காபி, இவ்ளோதானா? எங்க ஆளுங்க பர்மாலேருந்து கொண்டாந்த அத்தோ உங்க கண்ணுல படலியா?
– ஒரு வாசகர், வியாசர்பாடி

நியாயமான கோவம். இதுக்கு இன்னும் நிறைய இடம் குடுத்திருக்கணும்.

1960கள்ல பர்மாவுல ராணுவ ஆட்சி வந்து கடை, தொழில் எல்லாத்தையும் அரசாங்கமே எடுத்துக்கிட்டதும், தலைமுறை தலைமுறையா அங்க இருந்த தமிழ்க் குடும்பங்க எல்லாத்தையும் விட்டுட்டுக் கப்பலேறி வந்தாங்க. சொத்தக் கொண்டு வர முடியல, சமையலக் கொண்டு வந்தாங்க. துறைமுகத்துக்கு எதுத்தாப்ல பர்மா பஜார், அதுக்குப் பின்னாடி செகண்ட் லைன் பீச்ங்கற தெருவுல சாயங்காலம் தள்ளுவண்டிங்க வரிசையா நிக்கும். அத்தோன்னா நூடுல்ஸ், முட்டைகோஸ், பொரிச்ச வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, மிளகாத்தூள், மேல தட்டை மாதிரி மொறுமொறுன்னு இருக்கற பேஜோவ நொறுக்கிப் போட்டு கையாலயே பெசஞ்சு குடுப்பாங்க. கூட சூடா வாழத்தண்டு சூப்பு, எவ்ளோ கேட்டாலும் ஊத்துவாங்க. அவிச்ச முட்டையப் பொளந்து வறுத்த வெங்காயம் வெச்சுத் தருவாங்களே, அது இல்லாம நான் திரும்பினதே இல்ல.

பேர்ப் பலக இல்ல, ஏசி இல்ல, நின்னுட்டேதான் சாப்பிடணும். ஆனா ஊரு விட்டு ஊரு வந்த ஜனம் ஒண்ணுமில்லாத எடத்துலேருந்து எழுந்து நின்ன கதை அந்தத் தட்டுல இருக்கு, சென்னையோட சாப்பாட்டுக் கதைல அதுக்கு முதல் வரிசைல இடம் வேணும்னு நான் உறுதியா நினைக்கறேன். உங்க வீட்டுப் பெரியவங்க முதல்ல வண்டி போட்ட காலத்தப் பத்தி எழுதி அனுப்புங்க, முழுசா போடறோம்.

அப்பாவுக்கு எண்பது ஆகப்போவுது. சின்ன வயசுல ராயர் மெஸ்ல சாப்பிட்டதப் பத்தியே பேசிட்டிருக்காரு. கூட்டிட்டுப் போலாமா? முட்டி வலி வேற.
– ஒரு வாசகி, மடிப்பாக்கம்

தாராளமா. அவர் சின்ன வயசுல போனது மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக் கடையா இருக்கும், இப்ப அருண்டேல் தெருவுல ஒரு சந்துக்குள்ள இருக்கு, அதே குடும்பம்தான் தலைமுறையா நடத்துது. ரொம்பச் சின்ன இடம், வெளிய காத்திருக்கணும், அதனால ஞாயித்துக்கிழம வேணவே வேணாம். வார நாள்ல காலைல சீக்கிரம் போயிடுங்க, பொங்கலும் வடையும் தீந்துட்டா அன்னைக்கு அவ்ளோதான். ஆட்டோவ சந்து முனை வரைக்கும் கொண்டு போங்க, வெளிய அப்பா உக்கார ஒரு மடக்கு நாற்காலி கையோட எடுத்துக்கங்க. உள்ள போனதும் பெரியவர்னு சொன்னா அவசரப்படுத்த மாட்டாங்க. கெட்டிச் சட்னிய ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிக்கங்க, காபிய சக்கர கம்மியா வேணும்னா முன்னாடியே சொல்லிடுங்க.