நான்கு ஜோடிகளையும் ஒரே படித்துறைக்கு வரவழையுங்கள்

கும்பகோணத்தில் பொங்கலை ஒட்டி நான்கு காதல் கதைகள் கொண்ட திரைக்கதை, ஆனால் இடைவேளை வரை யார் யாரென்றே பிடிபடவில்லை, கடைசியில் எல்லோரையும் சேர்ப்பதும் ஒட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கென்னவோ பண்டிகைதான் இடறுகிறது என்று படுகிறது. பொங்கல் அவரவர் வாசலில் வைப்பது. நான்கு குடும்பமும் நான்கு வீட்டில்தான் இருக்கும்.

ஆடிப்பெருக்குக்கு மாற்றிப் பாருங்கள். ஆடி 18 அன்று ஊரே காவிரிக்கு வரும். சக்கரப் படித்துறையில் எல்லோரும் இடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணியும் காப்பரிசியும் வைத்துப் படைத்ததும் பெண்கள் ஒருவருக்கொருவர் மஞ்சள் கயிறு கட்டிவிடுவார்கள். ஒரு அத்தை கயிறு கட்டிவிட்டு, "அடுத்த ஆடிக்கு ஜோடியா வரணும்" என்று ஒரு பெண்ணிடம் சொல்லட்டும். இரண்டு படி கீழே நிற்கும் பையனின் முகத்தைக் காட்டுங்கள். வசனமே வேண்டாம்.

ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவிடும் வழக்கம் வேறு இருக்கிறது. புது மாப்பிள்ளை என்னென்ன சாக்கு சொல்லி மாமியார் வீட்டுக்கு வருவான்! ஒரு ஜோடிக்கு அதுவே போதும்.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். உங்கள் கதையில் அது தள்ளிப்போகட்டும். "தண்ணி வந்துடுமா?" என்ற தவிப்பு நான்கு கதைக்கும் பொதுவாகிவிடும், வில்லனே தேவைப்படாது.

அப்புறம், ஒரு ஜோடியையாவது அறுபது வயதுக்காரர்களாக ஆக்குங்கள். எல்லோருக்கும் இருபத்தைந்து என்றால் குழம்பத்தான் செய்யும். வெற்றிலைக் கொடிக்கால், பாத்திரப் பட்டறை, காபிக் கடை என்று ஆளுக்கொரு இடமும் கொடுங்கள். திருத்தியதும் இங்கே போடுங்கள், கட்டாயம் படிக்கிறேன்.