கல்லாப் பணமும் அஞ்சறைப்பெட்டிப் பணமும்

கேள்வி: கம்பத்தை அடுத்த கூடலூரில் மூன்று தையல் மெஷின் வைத்து நைட்டி, பாவாடை தைக்கிறேன். ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் வாங்குகிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் குமுளியில் இரண்டு கடைகளுக்கும் கொடுக்கிறேன். மாதம் அறுபது, எழுபதாயிரம் புரளும். எல்லாம் என் சேமிப்புக் கணக்கிலேயே விழுகிறது. குமுளிக் கடைக்காரர் ஒருவர், "கடைப் பெயரில் பில் வேண்டும், கரண்ட் அக்கவுண்ட் எடுங்கள்" என்கிறார். அவசியம்தானா?

பதில்: உங்கள் சொந்தப் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கில் நைட்டி விற்ற பணம் வந்தால் அது குற்றமில்லை. ஆனால் கடைப் பெயரில் சேமிப்புக் கணக்கு திறக்க முடியாது. ஒரே ஆள் நடத்தும் கடையாக இருந்தாலும் ரிசர்வ் வங்கி விதி அதற்கு இடம் தருவதில்லை. கடைப் பெயர் வேண்டுமென்றால் நடப்புக் கணக்குதான்.

எது நல்லது என்பதைவிட, எல்லாம் ஒரே கணக்கில் கலப்பதுதான் எனக்குக் கவலை. நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தபோது, கடன் கேட்டு வருகிறவர்கள் கொண்டுவரும் பாஸ்புக்கில் விற்ற பணம், சீட்டு எடுத்த பணம், குழுக் கடன், தம்பி திருப்பூரிலிருந்து அனுப்பியது எல்லாம் வரிசையாக நிற்கும். இதில் வியாபாரம் எவ்வளவு என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. சிறுதொழிலுக்கான முத்ரா கடன் கேட்டு வந்தவர்களை அதனாலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன், மனசு கேட்காமல்தான்.

2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவை வைத்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. உறவினர் அனுப்பியதும் விற்பனையாகக் கணக்கில் சேர்ந்துவிட்டது என்று பலர் புலம்பினார்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே கேரளத்தில் 2023-ல் நடந்தது இன்னும் மோசம். யாரோ ஒருவர் ஏமாற்றிய பணம் கைமாறிக் கைமாறி ஒரு கடைக்காரரின் கணக்கில் சில நூறு ரூபாயாக வந்து சேரும்; வேறு மாநிலப் போலீஸ் சொல்லி முழுக் கணக்கையும் வங்கி முடக்கிவிடும். தகராறில் உள்ள தொகையை மட்டும் நிறுத்தினால் போதும் என்று கேரள உயர் நீதிமன்றம் அந்த ஆண்டே சொன்னது. ஆனால் அது தீரும்வரை பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் அதே கணக்கில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

ஆகவே கல்லா தனி, அஞ்சறைப்பெட்டி தனி. ஜீப்புப் பெண்களுக்கு மட்டும் விற்பவராக இருந்தால், வேறொரு வங்கியில் இரண்டாவது சேமிப்புக் கணக்கு எடுங்கள், போதும் என்று முடித்திருப்பேன்.

குமுளிதான் விஷயத்தை மாற்றுகிறது. கூடலூரிலேயே விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. அதே நைட்டி மலைப்பாதை ஏறிக் குமுளிக் கடைக்குப் போனால் அது வெளிமாநில விற்பனை. வரி உள்ள சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்பவர் முதல் ரூபாயிலிருந்தே பதிவு செய்ய வேண்டும். விற்பனையில் ஒரு சதவீதம் வரியாகக் கட்டிவிட்டு ஒதுங்கும் தொகுப்புத் திட்டமும் (காம்போசிஷன்) இவர்களுக்குக் கிடையாது. (பூவும் காய்கறியும் அனுப்புகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, அவற்றுக்கு வரி விலக்கு உண்டு.) கடைக்காரர் பில் கேட்பது அவருடைய வரிக் கணக்குக்காக. குமுளி வியாபாரத்தை விடப்போவதில்லை என்றால் ஜிஎஸ்டி எடுங்கள், கடைப் பெயரில் நடப்புக் கணக்கும் எடுங்கள்.

முதலில் உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. ஆதார் இருந்தால் இணையத்தில் இலவசம். பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். உத்யம் சான்றும் ஜிஎஸ்டி சான்றும் கையில் இருந்தால், கடை உங்களுடையது என்பதற்கு வங்கி கேட்கும் இரண்டு ஆவணங்கள் ஆயிற்று. ஜிஎஸ்டி பதிவு கிடைத்த 30 நாளுக்குள் வங்கிக் கணக்கு விவரத்தை அதில் ஏற்றிவிட வேண்டும்.

நடப்புக் கணக்கில் வட்டி கிடையாது. அதைப் பெரிதாக நினைக்க வேண்டாம். 10,000 ரூபாய்க்கு இரண்டரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு 250 ரூபாய்தான். குறைந்தபட்ச இருப்பு குறைந்தால் போடும் அபராதம்தான் கடிக்கும். இருப்பு எவ்வளவு, மாத சராசரியா மூன்று மாத சராசரியா, மாதம் எவ்வளவு ரொக்கம் இலவசமாகக் கட்டலாம் என்று இரண்டு மூன்று வங்கிகளில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கணக்கைப் பிரித்தால் வருமான வரித் துறைக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டுக்கும் பான் ஒன்றுதான். சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 10 லட்சம் ரொக்கம் கட்டினாலே வங்கி தகவல் கொடுத்துவிடும். நடப்புக் கணக்கில் அந்த வரம்பு 50 லட்சம். உங்கள் அளவுக்குப் பயமே வேண்டாம். உத்தேச வருமான முறையில் கணக்குக் காட்டினால், வங்கி வழியே வந்த விற்பனையில் குறைந்தது 6 சதவீதமும் ரொக்க விற்பனையில் 8 சதவீதமும் லாபமாகக் காட்ட வேண்டும். ஆண்டுக்கு 8 லட்சம் விற்பனை, எல்லாம் ரொக்கம் என்றாலும் 64,000 ரூபாய்தான். வேறு வருமானம் இல்லையென்றால் வரி வராது.

பழைய சேமிப்புக் கணக்கை மூடாதீர்கள். கேஸ் மானியம், உரிமைத்தொகை எல்லாம் அதில்தான் வர வேண்டும். மாதம் ஒரு தேதியில் உங்கள் கூலியாக ஒரு தொகையைக் கடைக் கணக்கிலிருந்து அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், புதிய கியூஆர் அட்டை வந்த அன்றே பழையதைக் கிழித்துப் போடுங்கள். மெஷின் மேல் ஒன்று, கதவில் ஒன்று என்று பழசு ஒட்டியிருந்தால் பணம் மறுபடியும் அஞ்சறைப்பெட்டிக்கே போகும்.