'அன்லிமிட்டட்' பத்தாம் நாளே சுற்றிக்கொண்டு நின்றால்?

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டில் மூன்று போன். கொழும்பில் வேலை செய்யும் வீட்டுக்காரரின் போனையும் சேர்த்தால் நாலு. மகள் இந்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறாள். டியூஷன் பாதி சூமில்தான். போன மாதம் 'அன்லிமிட்டட்' என்று போட்டிருந்த ஒரு பெக்கேஜை ரீலோட் பண்ணினேன். பத்தாம் நாளே வீடியோ சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. போன் பண்ணிக் கேட்டால், "வரம்பு முடிந்துவிட்டது, இனி வேகம் குறையும், ஆனால் டேட்டா நிற்காது" என்கிறார்கள். இது ஏமாற்று இல்லையா? குறைந்த விலையில் உண்மையான அன்லிமிட்டட் தரும்படி கொம்பனிகளிடம் கேட்க நமக்கு உரிமை இல்லையா?
(வாசகி, அக்கரப்பத்தனை)

பதில்: உரிமை இருக்கிறது. அவர்கள் கொடுக்கவும் வேண்டும். ஆனால் எதைக் கேட்கிறோம் என்பதில் நாம் தெளிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒரு சொல்லை மட்டும் நம் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

உங்கள் பெக்கேஜின் நிபந்தனையில் 'நியாயமான பயன்பாடு' என்று ஒரு வரி இருந்திருக்கும். இத்தனை ஜீபி வரை முழு வேகம், அதற்குப் பிறகு குறைந்த வேகம் என்பதுதான் அதன் பொருள். டேட்டா நிற்காது என்று அவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தக் குறைந்த வேகம் எவ்வளவு? எல்லாம் அதில்தான் இருக்கிறது. 64 கேபிபிஎஸ் என்று வையுங்கள். டீச்சர் வட்ஸ்அப்பில் அனுப்பும் 3 எம்பி நோட்ஸ் படம் ஒன்று இறங்க ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவே 2 எம்பிபிஎஸ் என்றால் 12 விநாடி போதும். இரண்டையும் 'அன்லிமிட்டட்' என்று விற்கலாம். ஒன்றில் பிள்ளை படிக்கலாம், மற்றதில் முடியாது.

இந்தச் சொல்லுக்காகப் பெரிய நாடுகளிலும் வழக்கு நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி கொம்பனி அன்லிமிட்டட் என்று விற்றுவிட்டு, அளவு தாண்டியவர்களின் வேகத்தைக் குறைத்தது. அதை வாடிக்கையாளருக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று அங்குள்ள மத்திய வர்த்தக ஆணைக்குழு 2014இல் வழக்குப் போட்டது. 2019இல் கொம்பனி 6 கோடி டொலர் கொடுத்து அந்த வழக்கை முடித்துக்கொண்டது. வேகத்தைக் குறைத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். வாங்குகிறவருக்குச் சொல்லாமல் குறைத்ததுதான் அங்கே பெரிய கேள்வியானது. உங்கள் குறையும் அதேதான்.

சரி, வரம்பே இல்லாமல் முழு வேகத்தில் கொடுத்தால் என்ன? மலைநாட்டில் அது நமக்கே பாதகமாக முடியும். ஒரு மலை முகட்டில் ஒரு டவர் நிற்கும். சுற்றியுள்ள மூன்று, நான்கு டிவிசன் ஆட்களும் அதைத்தான் நம்பியிருப்பார்கள். அந்த டவரின் கொள்ளளவை எல்லோரும் பங்கு போட்டுத்தான் எடுக்க வேண்டும். வழக்கமான 4ஜி அலைவரிசை ஒன்று 20 மெகாஹேர்ட்ஸில் அதிகபட்சம் 150 எம்பிபிஎஸ் தரலாம் என்பது ஏட்டுக் கணக்கு. பள்ளத்தாக்கும் தேயிலை மலையும் குறுக்கே நிற்கும் இடத்தில் அதில் ஒரு பகுதிதான் கைக்கு வரும். மாலை ஏழு மணிக்கு மலையில் இருந்து வந்து, குளித்து, சமைத்து எல்லோரும் போனை எடுக்கும் நேரத்தில் பத்துப் பேர் பெரிய திரையில் உயர்தரப் படம் பார்த்தால் உங்கள் மகளின் சூம் வகுப்புத் தடைப்படும். பீலியில் ஒரு வீடு குழாய் போட்டு இழுத்தால் மற்ற வீட்டுக் குடம் நிறையாது என்பது லயத்தில் வாழ்ந்தவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் நான் கேட்பது இதுதான்: வேகத்துக்கு விலை வையுங்கள், ஜீபிக்கு வைக்காதீர்கள். 2 எம்பிபிஎஸ் வேகத்தில், மாதம் முழுக்க, அளவு பார்க்காமல் ஒரு மலிவான பெக்கேஜ். சூம் வகுப்புக்கும், 480பி தரத்தில் யூடியூப் பாடத்துக்கும், கொழும்பில் இருக்கும் அப்பாவோடு வீடியோவில் பேசவும் அது போதும். அதிக வேகம் வேண்டியவர் அதிக விலை கொடுக்கட்டும். டவருக்கும் பாரம் குறையும். அதைவிட முக்கியம், இருபதாம் தேதிக்குப் பிறகு பிள்ளைக்குப் பாடம் இல்லை என்ற நிலை வராது.

விலையைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் ஒன்று இருக்கிறது. மாதத்துக்கு மொத்தமாக வாங்குகிறவருக்கு ஒரு ஜீபி மலிவாக விழும். ஒரு நாளைக்கு, ஒரு கிழமைக்கு என்று வாங்குகிறவருக்கு அதே ஜீபி விலை கூடும். அடுத்த முறை கடைக்குப் போனால் விலையை ஜீபியால் பிரித்துப் பாருங்கள். 400 கிராம் பால்மா பக்கெட் வாங்கக் காசில்லாமல் சின்னப் பக்கெட்டாக வாங்கி, முடிவில் கூடச் செலவழிக்கிறோமே, அதே கதை. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய் ஆவதற்கும் 2024இல் 1350 ரூபாய் ஆவதற்கும் எத்தனை வருடம் கத்த வேண்டியிருந்தது! மாதச் சம்பளத்துக்கு முன்னால் மொத்தமாக ஒரு தொகையை எடுத்து ரீலோட் பண்ண எத்தனை வீட்டில் முடியும்? மலிவான பெக்கேஜ் என்று கொம்பனிகள் பேசுவதானால், கிழமைப் பெக்கேஜின் விலை மாதப் பெக்கேஜின் நாலில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இதை நான் விடாமல் கேட்பேன்.

கொம்பனிகளைக் கட்டாயப்படுத்த முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். கட்டணங்களுக்கு அனுமதி கொடுப்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. 2010இல் கொம்பனிகள் விலைப் போட்டியில் இறங்கி அடித்துக்கொண்டபோது, அழைப்புகளுக்கு இதற்குக் கீழே போகக் கூடாது என்று குறைந்தபட்சக் கட்டணம் வைத்தது அந்த ஆணைக்குழுதான். கொம்பனிகளைக் காப்பாற்றக் குறைந்தபட்ச விலை வைக்க முடிந்ததென்றால், நம்மைக் காப்பாற்றக் குறைந்தபட்ச வேகம் வைக்கவும் முடியும். 'அன்லிமிட்டட்' என்று எழுதினால், வரம்புக்குப் பிந்திய வேகத்தையும் அதே அளவு எழுத்தில், தமிழிலும் எழுத வேண்டும் என்று சொல்ல ஒரு சதம் செலவில்லை.

இந்த மாதத்துக்கு உடனே செய்யக்கூடியது: வட்ஸ்அப்பில் படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். யூடியூப்பின் தரத்தை 480பிக்குக் குறையுங்கள். மூன்று சிம்முக்கும் தனித்தனியே போடாமல், ஒரு சிம்முக்கு மாதப் பெக்கேஜ் போட்டு ஹொட்ஸ்பொட்டில் பகிருங்கள். ஆனால் போடுவதற்கு முன் அந்தப் பெக்கேஜில் ஹொட்ஸ்பொட் அனுமதி உண்டா என்று கேளுங்கள்.

கேள்வி: திருச்சியில் இருக்கும் மாமா வீட்டில் ஒரு நாளைக்கு 2 ஜீபி, வருடம் முழுக்க. இங்கே மட்டும் ஏன் இந்த விலை?
(வாசகர், மஸ்கெலியா)

பதில்: மாமாவிடம் இரண்டு ஜீபி முடிந்த பிறகு என்ன ஆகிறது என்று கேட்டுப் பாருங்கள். அங்கேயும் நாள் வரம்பு தாண்டினால் வேகம் படுத்துவிடும். அது நாட்கூலி மாதிரி அளந்து கொடுக்கும் டேட்டா. ஆனால் விலை மலிவு என்பது உண்மை. 2016 செப்டெம்பரில் ஜியோ வந்து, மற்ற எல்லோருடைய விலையையும் கீழே இழுத்தது. கோடிக்கணக்கான ஆட்கள் இருக்கும் சந்தை அது. நம்மிடம் நடந்தது மறுபக்கம். 2018இல் எடிசலாட் ஹட்ச்சோடு சேர்ந்தது, 2024இல் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்தது. ஐந்து கொம்பனி மூன்றாகிவிட்டது. அதிலும் மஸ்கெலியாவில் மேல் டிவிசன்களுக்குப் போனால் பல இடங்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் சிக்னல். போட்டி இல்லாத இடத்தில் விலை தானாக இறங்காது. நாம் ஓயாமல் முறையிட்டால்தான் இறங்கும். பெக்கேஜ் விலையோடு 18 சதவீத வற் வரியும் சேர்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். படிப்புக்கான டேட்டாவுக்கு அந்த வரி எதற்கு என்று அரசாங்கத்திடமும் கேட்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: யூடியூப்புக்கு மட்டும் அன்லிமிட்டட், வட்ஸ்அப்புக்கு மட்டும் அன்லிமிட்டட் என்று பெக்கேஜ்கள் விலை குறைவாக இருக்கின்றன. உயர்தரம் படிக்கும் எனக்கு எது லாபம்?
(மாணவன், பொகவந்தலாவ)

பதில்: தம்பி, ஒரு கிழமை எதில் எவ்வளவு டேட்டா போகிறது என்று போனின் செட்டிங்ஸில் பார். பாதிக்கு மேல் ஒரே செயலியில் போனால் அந்தப் பெக்கேஜ் லாபம்தான். ஆனால் இரண்டு பொறி இருக்கிறது. யூடியூப் பெக்கேஜ் வைத்துக்கொண்டு சேர் அனுப்பும் கூகுள் டிரைவ் இணைப்பைத் திறந்தால் அது வேறு கணக்கில் போகும். கையில் மற்ற டேட்டா இல்லையென்றால் மெயின் பெலன்ஸில் இருந்தே வெட்டிவிடும். அப்புறம், எந்தச் செயலியில் நீ படிக்க வேண்டும் என்பதைக் கொம்பனி தீர்மானிக்கிறது. சூம் பட்டியலில் இல்லை, டிக்டொக் இருக்கிறது என்றால் அது உனக்காகப் போட்ட பெக்கேஜ் இல்லை. இப்படி உள்ளடக்கத்தைப் பார்த்து வெவ்வேறு விலை வைப்பதை இந்தியாவின் ஒழுங்குமுறை ஆணையம் 2016 பெப்ரவரியிலேயே தடை செய்துவிட்டது. இங்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் கட்சி.

நைட் டேட்டாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கும் இருபது ஜீபியைச் சேர்த்துத்தான் பலகையில் பெரிய எண் போடுவார்கள். அந்த ஜீபிக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. பகல் டேட்டா எவ்வளவு என்று மட்டும் கேட்டு வாங்கு.

கேள்வி: எங்கள் லயத்தில் பத்து வீடு. எல்லோரும் சேர்ந்து ஸ்டார்லிங்க் போட்டால் என்ன?
(வாசகர், ஹப்புத்தளை)

பதில்: ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்துவிட்டது. டவர் இல்லாத பள்ளத்துக்கும் வானத்தில் இருந்து வரும், அதனால் ஆசை நியாயமானது. ஆனால் அது டொலர் கணக்கில் யோசித்து வைத்த விலை. மாதக் கட்டணம் ஒரு பக்கம், கருவிக்கு முதலில் கட்ட வேண்டிய பணம் இன்னொரு பக்கம். வீட்டுத் திட்டம் ஒரு வீட்டுக்காகத்தான், அதைப் பத்து வீட்டுக்குப் பிரித்துக் காசு வாங்கினால் நிபந்தனை மீறலாகலாம். வாசகசாலைக்கோ தோட்டப் பாடசாலைக்கோ கோயில் மண்டபத்துக்கோ ஒன்று போட்டுப் பிள்ளைகள் மாலையில் வந்து படிக்க ஏற்பாடு செய்வது எனக்குச் சரியாகப் படுகிறது. அதற்குரிய திட்டம் எது என்று எழுதிக் கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். 2020இல் பாடசாலைகளை மூடியபோது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் கோயில் மேட்டில் மழைக்குள் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் பார்த்தவள். அந்த மேட்டில் இன்றைக்கும் ஒரு கூரை கூட இல்லை.

கேள்வி: முறையிட்டால் கேட்பார்களா? எங்கே, எந்த மொழியில்?
(வாசகி, இராகலை)

பதில்: முதலில் கொம்பனிக்கு. பேசி முடித்ததும் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். அது இல்லாமல் அடுத்த படி ஏற முடியாது. எனக்கு ஒருமுறை, நான் போடாத சேவை ஒன்றுக்காக நாள்தோறும் பெலன்ஸ் குறைந்துகொண்டிருந்தது. இரண்டு முறை சும்மா பேசிவிட்டு வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் முறை இலக்கத்தோடு பேசினேன், காசு திரும்பி வந்தது.

அங்கே தீராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, எல்விட்டிகல மாவத்தை, கொழும்பு 8. விளம்பரத்தில் ஒன்று, கையில் கிடைத்தது வேறொன்று என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கும் சொல்லலாம். தமிழ் அரச கரும மொழி. தமிழிலேயே எழுதுங்கள், தமிழில் பதில் கேளுங்கள். விளம்பரத்தின் படம், ரீலோட் பண்ணிய குறுஞ்செய்தி, வேகம் குறைந்த அன்றைக்கு வேகம் அளந்த ஸ்கிரீன்ஷொட், இந்த மூன்றையும் இணையுங்கள். ஒரே லயத்தில் ஐந்து பேருக்கு ஒரே குறை என்றால் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், துண்டைப் பத்திரமாக வையுங்கள்.